இந்த வரி யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் படங்களைத் தமிழ்ப் பெயர்களோடு வரைந்து, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியிடும் சிறு குழு ஒன்றில் சேர்ந்தபோது எனக்கு வரையத்தான் ஆசை. வரைவதற்கு ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். மிச்சமிருந்தது, வரைந்து முடித்த கோப்புகளை வெளியீட்டுக்கு முன் சுத்தம் செய்யும் வேலை. அதைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்த அக்கா வேறு பொறுப்புக்குப் போகவிருந்தார். தனக்குப் பின் யாராவது கற்றுக்கொண்டால்தான் போவேன் என்று சொல்லியிருந்தாராம். அப்படித்தான் நான் அவர் கையில் சிக்கினேன்.

இதயம், நுரையீரல், மகரந்தச் சேர்க்கை, மின்சுற்று என்று சில நூறு படங்கள். எல்லாம் எஸ்விஜி கோப்புகள். எஸ்விஜியைப் படம் என்று சொல்கிறோம். திறந்தால் உள்ளே இருப்பது எழுத்துதான். இந்த இடத்தில் தொடங்கு, இப்படி வளை, இந்த நிறத்தால் நிரப்பு என்று எக்ஸ்எம்எல் நடையில் எழுதிவைத்த குறிப்பு. டபிள்யூ3சி அமைப்பு இதை 2001இல் தரமாக அறிவித்தது. புள்ளி புள்ளியாகச் சேமித்த புகைப்படம் பெரிதாக்கினால் உடையும். இது எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. வகுப்பறைச் சுவருக்கும் கைப்பேசிக்கும் ஒரே கோப்பு போதும் என்பதால்தான் எங்கள் குழு இதைப் பிடித்துக்கொண்டது.

நான் போன அன்றே தானியங்கி நிரல் ஒன்றைத் தருவார், ஒரு பொத்தானை அழுத்தினால் முடிந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அக்கா இதயப் படத்தை நோட்பேடில் திறந்துவைத்தார்.

"நிரல் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இத கையாலயே சுத்தம் பண்ணும்மா. ஒரு வரிய அழி, பிரவுசர்ல ரெஃப்ரெஷ் பண்ணு, என்ன மாறுச்சுன்னு பாரு. மாறலன்னா, அந்த வரி யாருக்காக அங்க இருந்துச்சுன்னு எங்கிட்ட சொல்லணும்."

முதல் திரை முழுக்க உருட்டியும் இதயத்தைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. 'நேம்டுவியூ' என்று ஒரு டேக். அதற்குள் சன்னலின் அகலம், உயரம், எத்தனை மடங்கு ஜூம், திரையின் நடுவில் இருந்த புள்ளி, கடைசியாக வேலை செய்த லேயர், பக்கத்தின் விளிம்பு நிறம். வரைந்தவர் கடைசியாகச் சேமித்தபோது அவருடைய திரை எப்படி இருந்ததோ அதன் பதிவு. முழு டேக்கையும் அழித்தேன். ரெஃப்ரெஷ் செய்தேன். இதயம் அசையவில்லை.

அடுத்து, ஒவ்வொரு கோட்டின் மீதும் 'சோடிபோடி' என்ற முன்னொட்டோடு ஓர் அட்ரிபியூட். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் உருவாக்கிய கோப்பில் வேறொரு பெயர் ஏன் என்று கேட்டேன். இங்க்ஸ்கேப் 2003இல் சோடிபோடி என்ற மென்பொருளிலிருந்து கிளைத்தது. தாய் மென்பொருளின் வளர்ச்சி எப்போதோ நின்றுபோனது, பெயர் மட்டும் இன்றுவரை ஒவ்வொரு இங்க்ஸ்கேப் கோப்பிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்றார் அக்கா. அந்த அட்ரிபியூட்டில் சீ, சீ, எஸ், சீ என்று ஆங்கில எழுத்துகள் வரிசையாக இருந்தன. அவை என்னவென்று அவர் வாயால் சொல்லவில்லை. இங்க்ஸ்கேப்பைத் திறந்து ஒரு முனையைப் பிடித்து இழுக்கச் சொன்னார். ஒரு முனையில் இந்தப் பக்கக் கைப்பிடியை இழுத்தால் எதிர்ப்பக்கக் கைப்பிடியும் கூடவே திரும்பியது. இன்னொன்றில் அது அசையாமல் நின்றது. கூடவே திரும்புவது எஸ், தனித்து நிற்பது சீ. வரைபவரின் கைக்கு மட்டும் பொருள் உள்ள தகவல். பிரவுசர் அதைப் படிப்பதே இல்லை.

பிறகு வந்தது, என்னைக் கொஞ்சம் அதிரவைத்த வரி. வரைந்தவர் எப்போதோ அந்தப் படத்தை பிஎன்ஜியாக ஏற்றுமதி செய்திருக்கிறார். எந்தக் கோப்புறையில் சேமித்தார் என்ற முழு முகவரியையும் இங்க்ஸ்கேப் கோப்பிலேயே எழுதிவைத்திருந்தது. அதில் அவருடைய கணினிப் பயனர் பெயர் இருந்தது, முன்பு வேலை பார்த்த இடத்தின் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. படத்தைப் பதிவிறக்குகிற எவரும் பார்க்கலாம்.

"டெய்லர் துணியில போட்ட சாக்பீஸ் கோடு மாதிரிதான் இதெல்லாம்" என்றார் அக்கா. "தைக்கறப்ப வேணும். சட்டையக் கைல குடுக்கறப்ப இருக்கக்கூடாது."

கையால் செய்யும் வேலை விரைவிலேயே சலித்தது. அவருக்குத் தெரியாமல் தேடி-மாற்றும் கட்டளை ஒன்றை எழுதினேன். இங்க்ஸ்கேப், சோடிபோடி என்ற முன்னொட்டோடு வரும் எதுவானாலும் மேற்கோள்குறி முடியும்வரை அழி; நேம்டுவியூ டேக்கின் திறப்பையும் மூடலையும் அழி; கோப்பின் தலையில் அந்த முன்னொட்டுகளை அறிமுகப்படுத்தும் வரிகளையும் அழி. கோப்புறை முழுவதற்கும் ஓட்டினேன். பெரும்பாலான படங்கள் சரியாகத் திறந்தன. சில திறக்கவில்லை. படத்துக்குப் பதிலாக ஃபயர்ஃபாக்ஸ் மஞ்சள் பின்னணியில் பிழைச் செய்தி காட்டியது.

அக்கா திட்டவில்லை. திறக்காத கோப்புகளைத் திறக்கும் கோப்புகளோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று மாலைவரை பொழுது அதில்தான் போனது. திறக்காதவை எல்லாம், வரைந்தவர் கட்டக்கோடுகளைப் போட்டு வேலை செய்த படங்கள். அந்தக் கட்டத்துக்கு நேம்டுவியூவின் உள்ளே தனியாக ஒரு டேக் உண்டு. என் கட்டளை அட்ரிபியூட்டுகளையும் நேம்டுவியூவையும் பிடித்தது. உள்ளே இருந்த டேக்கின் பெயரை விட்டுவிட்டது. அதன் முன்னொட்டை அறிமுகப்படுத்திய வரியோ போய்விட்டது.

பெயர்வெளி என்று புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் கைக்குப் புரிந்தது. 'இங்க்ஸ்கேப் என்று வந்தால் அது இன்ன முகவரியைக் குறிக்கும்' என்று கோப்பின் தலையில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. அறிவிப்பைப் பிடுங்கிவிட்டு முன்னொட்டை ஒரே ஓர் இடத்தில் விட்டாலும் எக்ஸ்எம்எல் மொத்தக் கோப்பையும் நிராகரிக்கும். எச்டிஎம்எல் நம் தவறுகளைப் பொறுத்துப்போகும். எக்ஸ்எம்எல் பொறுக்காது. ஆகவே உள்ளே இருப்பதெல்லாம் போனபிறகு கடைசியாகத்தான் அறிவிப்பில் கைவைக்க வேண்டும்.

எழுத்தை எழுத்தாகப் பார்த்து வெட்டுவது ஆபத்து, கட்டமைப்பாகப் படித்து வெட்ட வேண்டும் என்று புரிந்ததும் பைதானுக்குப் போனேன். இம்முறை அக்காவிடம் சொல்லிவிட்டே செய்தேன். பைதானோடு கூடவே வரும் எலிமென்ட்ட்ரீ நூலகத்தால் கோப்பைப் படித்து, வேண்டாத பெயர்வெளிகளைச் சேர்ந்ததை எல்லாம் நீக்கி, திரும்ப எழுதும் நிரல். ஓட்டினேன். எல்லாப் படங்களும் திறந்தன. பெருமையாகக் காட்டினேன். அக்கா பிரவுசரைப் பார்க்கவே இல்லை. நேராக நோட்பேடுக்குப் போனார்.

ஒவ்வொரு டேக்கின் முன்னும் 'என்எஸ்0' என்று ஒரு புது முன்னொட்டு முளைத்திருந்தது. நாம் முன்கூட்டிப் பெயர் சொல்லிவைக்காவிட்டால் அந்த நூலகம் தானே ஒரு பெயரைச் சூட்டிவிடும். கோப்பைத் தனியாகத் திறந்தால் படம் தெரியும். எங்கள் பாடப்பக்கங்களிலோ படத்தின் எழுத்தை அப்படியே எச்டிஎம்எல்லுக்குள் பொதிக்கிறோம். எச்டிஎம்எல்லுக்கு அந்த முன்னொட்டு புரியாது. படம் இருந்த இடத்தில் ஒரு கோடுகூட வரவில்லை.

இதைவிடப் பெரியது அடுத்தது. படத்தில் இருந்த 'வலது வெண்ட்ரிக்கிள்' என்ற சொல்லைத் தேடினேன், கிடைக்கவில்லை. தமிழ் எழுத்து ஒன்றுகூடக் கோப்பில் இல்லை. 'க' இருக்க வேண்டிய இடத்தில் 2965 என்ற எண், முன்னால் இரண்டு குறிகள், பின்னால் ஓர் அரைப்புள்ளி. வேறு எதுவும் சொல்லாவிட்டால் அந்த நூலகம் ஆஸ்கி குறியாக்கத்தில்தான் எழுதும். ஆங்கிலம் தாண்டிய ஒவ்வோர் எழுத்தையும் அதன் யூனிகோடு எண்ணாக மாற்றிவிடும். யூடிஎஃப்-8இல் 3 பைட்டில் அடங்கும் 'க', இப்படி எழுதினால் 7 பைட். சுத்தம் செய்யப்போய்ச் சில கோப்புகள் முன்பைவிடப் பருத்திருந்தன.

"திரையில சரியாத்தானே தெரியுதுக்கா?" என்றேன்.

"நாளைக்கு ஒரு வாத்தியார் எழுத்துப்பிழை இருக்குன்னு போன் பண்ணுவாரு. நீ எப்படித் தேடுவே? எண்ண எழுதித் தேடுவியா? நம்ம கோப்ப எடுத்துத் திருத்தப் போறவங்க நம்மள மாதிரி தமிழ் படிக்கறவங்கம்மா."

எனக்குச் சுருக்கென்றது. பார்ப்பவரை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன். கோப்பைத் திறந்து திருத்தப்போகிறவரும் ஒரு வாசகர் என்று தோன்றவே இல்லை. எல்எக்ஸ்எம்எல் என்ற நூலகத்துக்கு மாறினேன். அது இருந்த முன்னொட்டுகளை அப்படியே வைத்துக்கொள்ளும். குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று நான் எழுதிக்கொடுத்தேன். அப்போதும் ஒன்று தப்பியது. இங்க்ஸ்கேப் எழுத்துருவைப் பற்றிய தன் சொந்தக் குறிப்பை அட்ரிபியூட்டாக வைக்காமல் ஸ்டைலுக்குள் ஒரு பண்பாகச் செருகிவைக்கிறது. பெயர்வெளியைப் பார்த்து நீக்கும் நிரலின் கண்ணுக்கு அது படாது. ஸ்டைலை அரைப்புள்ளிகளில் பிரித்து ஒவ்வொன்றாகப் பார்த்தால்தான் அகப்படும்.

இதற்குப் பிறகுதான் ஸ்கவர், எஸ்விஜிஓ என்ற இரண்டு கருவிகளை அக்கா கொடுத்தார். ஸ்கவர் பைதானில் எழுதப்பட்டது. இங்க்ஸ்கேப்பில் 'உகந்ததாக்கிய எஸ்விஜி' என்று சேமித்தால் பின்னால் வேலை செய்வது அதுதான். எஸ்விஜிஓ நோட்ஜேஎஸ்ஸில் ஓடுவது. நான் இவ்வளவு நாள் முட்டிமோதியதை எல்லாம் இவை நொடியில் செய்தன. இதை முதல் நாளே கொடுத்திருக்கலாமே என்று மனதுக்குள் ஒரு கோபம் வந்தது உண்மை. அந்தக் கோபம் நிலைக்கவில்லை. அடுத்த தவறுகள் எல்லாம் இந்தக் கருவிகளைக் கொண்டு நான் செய்தவைதான், அவை முந்தையவற்றைவிடப் பெரியவை.

எங்களிடம் இருந்த எஸ்விஜிஓ பழைய பதிப்பு. அகலமும் உயரமும் சொல்லப்பட்ட கோப்பில் அதே அளவுள்ள வியூபாக்ஸ் இருந்தால், மிகை என்று அது நீக்கிவிடும். கணினித் திரையில் ஒரு மாற்றமும் இல்லை. கைப்பேசியில் பார்த்தபோது படம் சுருங்காமல், வலப்பக்கம் வெட்டுப்பட்டு நின்றது. படத்தின் உள்ளளவு இவ்வளவு, அதைக் கிடைக்கிற இடத்துக்குள் பொருத்து என்று சொல்லும் வரிதான் வியூபாக்ஸ். எஸ்விஜியைத் தேர்ந்தெடுத்த காரணத்தையே அந்த ஒரு வரியோடு அழித்திருந்தேன்.

ஐடி விவகாரம் இதைவிட மோசம். கோப்பிலுள்ள பொருள்களுக்கு இங்க்ஸ்கேப் தானாக எண்ணோடு கூடிய ஐடிகளைக் கொடுத்துக்கொண்டே போகும்; அவற்றில் பெரும்பாலானவை எதற்கும் தேவைப்படாதவை. எஸ்விஜிஓ அவற்றை நீக்கி, தேவையானவற்றை ஏ, பி, சி என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கும். இதயத்தின் நீல நிறச்சாயலுக்கு ஏ என்று பெயரானது. நுரையீரலின் இளஞ்சிவப்புக்கும் ஏ. இரண்டையும் ஒரே பாடப்பக்கத்தில் பொதித்தால் பிரவுசர் முதலில் கண்ட ஏயைத்தான் எடுக்கும். நுரையீரல் நீலமாகிவிட்டது. அதே பக்கத்தில், பாகத்தைத் தொட்டால் பெயர் ஒளிரும் வசதியும் நின்றுபோனது. அந்த வசதிக்காக வரைந்தவர் கையால் தட்டிவைத்திருந்த ஐடிகளைக் கோப்புக்குள் வேறெதுவும் சுட்டவில்லை. ஆகவே யாருக்கும் வேண்டாதவை என்று கருவி முடிவெடுத்துவிட்டது. அவற்றைச் சுட்டிக்கொண்டிருந்த பாடப்பக்கத்தின் நிரல் வேறு கோப்பில் இருந்தது, கருவிக்கு எப்படித் தெரியும்?

"அதுக்குத் தெரியாது. உனக்குத் தெரியணும்" என்றார் அக்கா. இயந்திரம் வைத்த பெயர், மனிதர் வைத்த பெயர் என்று ஐடிகளை இரண்டாகப் பிரிக்க அன்று கற்றேன். மனிதர் வைத்ததைத் தொடுவதில்லை. மற்றதற்குக் கோப்பின் பெயரை முன்னொட்டாகச் சேர்க்கிறோம்; எஸ்விஜிஓவிலேயே அதற்கு ஒரு வசதி உண்டு.

அவர் உண்மையில் கோபப்பட்டது ஒரே ஒரு தடவை. விக்கிமீடியா காமன்ஸிலிருந்து எடுத்து, பெயர்களைத் தமிழாக்கிச் சேர்த்த சில படங்கள் எங்களிடம் இருந்தன. மூலப்படத்தை வரைந்தவர் பெயரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் சுட்டியும் கோப்பின் மெட்டாடேட்டா பகுதியில் இருந்தன. எடிட்டர் சேர்த்த குப்பையோடு குப்பையாக அந்தப் பகுதியையும் என் அமைப்பு நீக்கிவிட்டது. படத்துக்கு எழுதியிருந்த தலைப்பும் சேர்ந்தே போயிருந்தது. பார்வையற்ற பிள்ளைகளுக்குத் திரைவாசிப்பான் உரக்கச் சொல்லும் வரி அது.

"முகம் தெரியாத ஒருத்தர் சும்மா குடுத்திருக்காங்க. கேட்டது பேர மட்டுந்தான். அதயும் அழிச்சிட்டு சுத்தம் பண்ணிட்டேன்னு சொல்றியா?"

அந்தப் படங்கள் வெளியே போகவில்லை. ஆனாலும் இரண்டு நாள் அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

சுத்தம் செய்து தீராதவையும் உண்டு. உயிரணுப் படம் ஒன்று எவ்வளவு சுருக்கியும் பல மெகாபைட்டுக்குக் கீழே இறங்கவில்லை. நோட்பேடில் பக்கம் பக்கமாகப் பொருளற்ற எழுத்துகள். மறைத்துவைத்த ஒரு லேயரில், பார்த்து வரைவதற்காக ஒரு புத்தகப் பக்கத்தை ஸ்கேன் செய்து ஒட்டிவிட்டு எடுக்க மறந்திருந்தார் வரைந்தவர். எழுத்தாக மாற்றிப் பொதிக்கும்போது படம் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் பருக்கும். பருமனைவிட, அடுத்தவர் பதிப்புரிமை உள்ள பக்கத்தை எங்கள் உரிமத்தோடு வெளியிட்டிருப்போம் என்பதை நினைத்துத்தான் எனக்கு வியர்த்தது. இங்க்ஸ்கேப்பில் 'எளிய எஸ்விஜி' என்று சேமித்தாலும் மறைந்த லேயர் கோப்பிலேயே இருக்கும், காட்டாதே என்ற குறிப்போடு. இன்னொரு படத்தில் விளக்கக் குறிப்பு பிரவுசரில் தெரியவே இல்லை. இங்க்ஸ்கேப்பின் பழைய பதிப்பில் பெட்டி இழுத்து எழுதிய பத்தி அது. தரமாகாமலே போன எஸ்விஜி 1.2 வரைவை நம்பி வந்த டேக். பிரவுசர்கள் அதைக் காட்டுவதில்லை. இப்படிப்பட்டவற்றை வரைந்தவரிடமே திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பும்போது பணிவாக எழுத வேண்டும் என்பதும் பாடத்தில் சேர்த்தி.

மூலக்கோப்பைத் தொடக்கூடாது என்பது அக்காவின் கண்டிப்பான விதி. மூலத்துக்கு ஒரு கோப்புறை, வெளியீட்டுக்கு ஒன்று; நிரல் முதலாவதைப் படிக்கும், இரண்டாவதில் எழுதும். அதற்குக் காரணம் உண்டு. இங்க்ஸ்கேப் 0.92 பதிப்பில் ஓர் அங்குலத்துக்கு 90 பிக்சல் என்றிருந்தது 96 ஆனது. பழைய கோப்பைப் பழையது என்று புதிய மென்பொருள் அடையாளம் காண்பது உள்ளே எழுதியிருக்கும் பதிப்பு எண்ணைப் பார்த்துத்தான். அந்த எண் வெளியீட்டில் குப்பை, மூலத்தில் ஆவணம்.

கடைசியாகக் கற்றது சரிபார்ப்பு. சுத்தம் செய்யும் முன்னும் பின்னும் ஒவ்வொரு படத்தையும் பிஎன்ஜியாக்கி, இமேஜ்மேஜிக்கால் பிக்சல் பிக்சலாக ஒப்பிடுவது. வேறுபடும் பிக்சல்களின் எண்ணிக்கை 0 என்று வர வேண்டும். வேர்த்தொகுதிப் படம் ஒன்றில் மட்டும் 0 வரவில்லை. கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. அக்காவைக் கூப்பிடலாமா என்று எழுந்தவள், உட்கார்ந்து கோப்பைப் படித்தேன். வரைந்தவர் மிகச் சிறிய அளவில் வரைந்து, பிறகு மொத்தத்தையும் பல மடங்கு பெரிதாக்கும்படி ஒரு வரி சேர்த்திருந்தார். தசமத்துக்குப் பின் மூன்று இலக்கத்தோடு நிறுத்து என்று கருவி எண்களை வெட்டியபோது, அந்தச் சிறு வெட்டும் பல மடங்கு பெரிதாகி வேர்நுனிகளை நகர்த்தியிருந்தது. இலக்கங்களைக் கூட்டினேன். 0 வந்தது. அக்கா வந்து திரையைப் பார்த்தார், "ம்" என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

சுத்தம் செய்த அந்தப் படத் தொகுப்பை நான்தான் வெளியிட்டேன். அக்கா இப்போது வேறு பொறுப்பில் இருக்கிறார். சந்தேகம் வந்தால் கூப்பிடுகிறேன், பதிலுக்கு அவர் கேட்பது பெரும்பாலும் அதே கேள்விதான்.

இங்க்ஸ்கேப்பில் வரைந்து பொதுவில் பகிர்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அனுப்பும் முன் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து, உங்கள் பயனர் பெயரைத் தேடிப்பாருங்கள். அகப்பட்டால் அந்த வரியை நீக்குங்கள். மூலத்தை வரைந்தவரின் பெயர் அகப்பட்டால் விட்டுவிடுங்கள்.